உஷார்! இடம் தெரியாமல் வயிற்றைத் திறக்க விடாதீர்கள்

காலை ஆறரை மணி. வழக்கமாக ஐந்தரைக்கே எழுந்து வாசலில் பேப்பர் தேடுகிற மனுஷன் இன்னும் படுக்கையில் கிடக்கிறார். "என்னங்க, எழுந்திருங்க" என்று உலுக்கினால் கண் திறக்கிறது. பார்வை மட்டும் எங்கோ இருக்கிறது. வாய் குழறுகிறது. மனைவியை மகள் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். பனியன் வியர்வையில் தொப்பலாக நனைந்திருக்கிறது. பக்கத்து வீட்டுப் பையனை ஆட்டோவுக்கு விரட்டிவிட்டு, ஆறிக்கொண்டிருந்த காபியை மெல்ல மெல்லக் குடிக்க வைக்கிறார் மனைவி. கால் மணி நேரத்தில் மனுஷன் எழுந்து உட்கார்ந்து, "எதுக்கு எல்லாரும் இப்படி நிக்கிறீங்க?" என்கிறார். நடந்தது எதுவும் அவருக்கு நினைவில்லை.

அவருக்குச் சர்க்கரை நோய் கிடையாது. அதற்கான மாத்திரையோ ஊசியோ தொட்டதில்லை. ஆனால் அவரைத் தெளியவைத்தது காபியில் இருந்த இரண்டு ஸ்பூன் சர்க்கரை.

ஒரு தடவை நடந்தால் அசதி என்று விட்டுவிடுவோம். இரண்டாவது தடவையும் நடந்தால், அதுவும் வெறும் வயிற்றோடு இருக்கும் நேரத்தில் நடந்தால், உஷார். கணையத்துக்குள் இன்சுலினோமா என்கிற கட்டி உட்கார்ந்திருக்கலாம். நமக்குச் சர்க்கரை குறையும்போது இன்சுலின் சுரப்பை நிறுத்திக்கொள்வது கணையத்தின் வழக்கம். இந்தக் கட்டிக்கு அந்த வழக்கம் தெரியாது. நீங்கள் சாப்பிட்டாலும் பட்டினி கிடந்தாலும் அது பாட்டுக்கு இன்சுலினைக் கொட்டிக்கொண்டே இருக்கும். ராத்திரி முழுக்க வயிறு காலியாக இருக்க, விடியும் நேரத்தில் மூளைக்குச் சர்க்கரை போதாமல் போகிறது.

முதலில் ஒரு ஆறுதல். இது அபூர்வமானது; பத்து லட்சம் பேரில் ஆண்டுக்கு ஒருவரிலிருந்து நான்கு பேருக்கு வரலாம் என்பது உலகளாவிய கணக்கு. ஏழு கோடிக்கு மேல் மக்கள் இருக்கிற தமிழ்நாட்டுக்கு அதையே போட்டுப் பார்த்தால் ஆண்டுக்கு எழுபதிலிருந்து முன்னூறு பேர் வரை வரும். வந்தாலும் பத்தில் ஒன்பது புற்று அல்ல. முழுதாக எடுத்துவிட்டால் நோய் போயே போய்விடும். நோய்களில் இது யோகக்காரன்.

பிறகு எதற்கு உஷார் என்கிறீர்களா? கட்டியைவிட, அதைத் தேடிப் போகிற வழிதான் ஆபத்தானது. பத்தில் ஒன்பது கட்டிகள் இரண்டு சென்டிமீட்டருக்கும் குறைவு, கொண்டைக்கடலையை நினைத்துக்கொள்ளுங்கள். அது இருக்கிற கணையமோ இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டி, பதினைந்து சென்டிமீட்டர் நீளத்துக்குப் படுத்திருக்கிறது. தலை முன்சிறுகுடலின் வளைவுக்குள், வால் மண்ணீரலைத் தொட்டபடி. அதன் முதுகை ஒட்டிப் பெரிய ரத்தக் குழாய்கள். நடுவில் செரிமான நீர் போகிற நாளம். அந்தக் கடலை எங்கே இருக்கிறது என்று தெரியாமலே கத்தியை எடுத்த காலம் ஒன்று இருந்தது. இன்றும் அவசரக்காரர்கள் இருக்கிறார்கள். டாக்டர்களில் மட்டுமா? "ஸ்கேன்ல வந்துடுச்சாம், நாளைக்கே எடுத்துடலாம்" என்று குதிப்பது பெரும்பாலும் நோயாளியின் மச்சானோ சித்தப்பாவோதான்.

இந்தக் கட்டியின் கதையே கத்தியில்தான் தொடங்கியது. 1921-ல் டொரொன்டோவில் இன்சுலின் கண்டுபிடிக்கப்பட்டது. ஊசி அதிகமானால் நோயாளி வியர்த்து, நடுங்கி, உளறுகிறார் என்பதும் உடனே தெரிந்துபோனது. இன்சுலின் ஊசியே போடாத சிலரும் அதே மாதிரி உளறுவது ஏன் என்று கேள்வி எழுந்தது. 1920-களின் நடுவில் அமெரிக்காவின் மேயோ கிளினிக்குக்கு அப்படி ஒரு நோயாளி வந்தார். அவரே ஒரு டாக்டர். வில்லியம் மேயோ வயிற்றைத் திறந்தபோது கணையக் கட்டி கல்லீரல் வரை பரவியிருந்தது. எடுக்க வழியில்லாமல் மூடினார். கல்லீரலில் இருந்த கட்டியின் சாற்றை முயலுக்குச் செலுத்தியபோது முயலின் சர்க்கரை சரிந்தது. கட்டியே இன்சுலின் சுரக்கிறது என்பதற்கு அதுதான் சாட்சி. 1927-ல் இது அச்சில் வந்தது. இரண்டே ஆண்டில், 1929-ல், அதே டொரொன்டோவில் ராஸ்கோ கிரஹாம் என்ற அறுவை மருத்துவர் ஒரு பெண்ணின் கணையத்திலிருந்து இன்சுலின் கட்டியை எடுத்து அவரைக் குணமாக்கினார். இன்சுலினை உலகுக்குக் கொடுத்த ஊரே அது மிஞ்சியவரையும் முதலில் காப்பாற்றியது.

அந்தச் செய்தி பரவியதும் ஆபத்தும் பரவியது. களைப்பு, மயக்கம், படபடப்பு என்று வந்தவர்களின் வயிற்றையெல்லாம் திறந்து பார்க்கும் ஆசை கிளம்பியது. அதற்குக் கடிவாளம் போட்டவர் நியூயார்க்கின் ஆலன் விப்பிள். 1930-களில் அவர் மூன்று நிபந்தனைகள் வைத்தார். சர்க்கரை குறைந்ததற்கான அறிகுறி இருக்க வேண்டும். அந்த நேரத்தில் ரத்தத்தில் அளந்து பார்த்தால் சர்க்கரை குறைவாகவே இருக்க வேண்டும். சர்க்கரை கொடுத்ததும் அறிகுறி மறைய வேண்டும். மூன்றும் சேர்ந்தால்தான் மேலே பேச்சு. கணையத் தலையை வெட்டி எடுக்கிற பிரம்மாண்டமான ஆபரேஷனுக்கும் இதே விப்பிளின் பெயர்தான். எப்படி வெட்டுவது என்று சொல்லிக்கொடுத்தவரே எப்போது வெட்டக் கூடாது என்றும் சொல்லிவைத்தார். முதல் பாடத்தைத்தான் ஊரே ஞாபகம் வைத்திருக்கிறது.

ஆக, வரிசை இதுதான்: முதலில் ரத்தம் பேச வேண்டும், பிறகு ஸ்கேன், கடைசியில் கத்தி. வரிசை மாறினால் வம்பு.

ரத்தம் பேசுவது எப்படி? நம் ஊரில் முதல் தடங்கலே இங்கேதான். வீட்டு குளுக்கோமீட்டர் 48 காட்டுகிறது என்பது சந்தேகத்துக்குப் போதும், தீர்ப்புக்குப் போதாது. குறைந்த அளவுகளில் அந்தக் கருவி தடுமாறும். நரம்பிலிருந்து எடுத்த ரத்தம், சாம்பல் நிற மூடி போட்ட டியூபில், லேபுக்குச் சட்டென்று போய்ச் சேர வேண்டும். சாதாரண டியூபில் எடுத்த ரத்தம் மேஜையில் இரண்டு மூன்று மணி நேரம் கிடந்தால், அதில் இருக்கிற ரத்த அணுக்களே சர்க்கரையைத் தின்றுவிடும். இல்லாத லோ சுகர் ரிப்போர்ட்டில் வந்து நிற்கும். ரத்த அணுக்கள் டியூபிலேயே உடைந்துபோனால் சிக்கல் வேறு மாதிரி: சிவப்பணுக்களுக்குள் இருக்கிற நொதி இன்சுலினைச் சிதைத்துவிடும், இன்சுலின் குறைவு என்று வரும். முடி கொட்டுகிறது என்று பயோட்டின் மாத்திரை விழுங்குகிறவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சில லேப் முறைகளில் அது இன்சுலின் கணக்கையே புரட்டிப் போடும். ஒரு கூந்தல் மாத்திரை ஒரு கட்டியை மறைத்துவிடலாம் என்றால் நம்புவீர்களா?

உறுதி செய்கிற சோதனை பட்டினிதான். ஆஸ்பத்திரியில் சேர்த்து, 72 மணி நேரம் வரை தண்ணீரும் சர்க்கரை இல்லாத கறுப்புக் காபியும் மட்டும் கொடுத்து, ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை ரத்தம் எடுப்பார்கள். சர்க்கரை இறங்க இறங்க இன்னும் நெருக்கமாக எடுப்பார்கள். சர்க்கரை 55 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கி அறிகுறியும் தெரிகிற அந்தக் கணத்தில் எடுக்கிற ரத்தம்தான் தங்கம். அதில் இன்சுலின் 3 மைக்ரோ யூனிட்டோ அதற்கு மேலோ, கணையம் இன்சுலினோடு சேர்த்தே விடுகிற சி-பெப்டைட் 0.6 நானோகிராமோ அதற்கு மேலோ இருந்தால், சர்க்கரை தரை தட்டிய நேரத்திலும் கணையம் அடங்கவில்லை என்று அர்த்தம். மூன்றில் இரண்டு பேருக்கு ஒரே நாளில் விடை கிடைத்துவிடும். இரண்டு நாளில் அநேகமாக எல்லோருக்கும். "கந்த சஷ்டிக்கு ஆறு நாள் விரதம் இருந்த குடும்பம் சார் எங்களது, வீட்டிலேயே இருந்து பார்த்துக்கிறோம்" என்று தயவுசெய்து ஆரம்பிக்காதீர்கள். இது விரதம் அல்ல. கையில் ஊசி ஏறி, பக்கத்தில் குளுக்கோஸ் தயாராக, நர்ஸ் கண் முன்னால் நடக்க வேண்டிய காரியம்.

இன்னும் முடியவில்லை. கட்டியைப் போலவே நடிக்கிற போலிகள் உண்டு. சர்க்கரை நோய்க்குக் கொடுக்கிற கிளிமிப்ரைடு, கிளிபென்கிளமைடு வகை மாத்திரை தெரியாமல் உள்ளே போயிருந்தால் இன்சுலினும் ஏறும், சி-பெப்டைடும் ஏறும். இன்சுலினோமாவுக்கும் இதற்கும் அந்த ரிப்போர்ட்டில் ஒரு வித்தியாசமும் தெரியாது. மருந்துக் கடையில் பெயர் மாறிப்போயிருக்கலாம். அப்பாவின் மாத்திரை டப்பாவும் மகனின் டப்பாவும் அலமாரியில் ஒன்றாக இருந்திருக்கலாம். அதே நேரத்து ரத்தத்திலோ சிறுநீரிலோ அந்த மருந்து இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். எல்லா லேபிலும் அந்த வசதி கிடையாது. வெளியே அனுப்ப வேண்டிவரும், அனுப்பட்டும்.

அடுத்த போலி இன்னும் தந்திரமானது. 1970-ல் ஜப்பானில் ஹிராட்டா என்ற மருத்துவர் விவரித்தது. இன்சுலினுக்கு எதிராக உடம்பே எதிர்ப்பொருள் தயாரித்து, இன்சுலினைப் பிடித்து வைத்துக்கொண்டு நேரம் கெட்ட நேரத்தில் விடுவிக்கும். தைராய்டு மாத்திரையான கார்பிமசோல், கை கால் எரிச்சலுக்கும் மரத்துப்போதலுக்கும் எழுதிக்கொடுக்கிற ஆல்ஃபா லிப்போயிக் ஆசிட் இரண்டும் சிலருக்கு இதைக் கிளப்பிவிடும். நரம்புச் சத்து மாத்திரை என்று பலர் மாதக்கணக்கில் சாப்பிடுகிற கூட்டு மாத்திரைகளில் இரண்டாவது இருக்கிறது, அட்டையைத் திருப்பிப் படித்துப் பாருங்கள். இன்சுலின் அளவு நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் எகிறி நின்றால் கட்டியைவிட இதன் மேல்தான் முதல் சந்தேகம் விழ வேண்டும். எதிர்ப்பொருள் சோதனை ஒன்றைச் செய்து மாத்திரையை நிறுத்தினால் பலருக்குத் தானாகவே அடங்கிவிடும். இந்தச் சோதனையைச் செய்யாமல் கணையத்தை அறுத்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். உடல் பருமனுக்காக இரைப்பை ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்குச் சாப்பிட்ட பிறகு வருகிற லோ சுகரும் தனிக் கதை. அதைப் பழைய ஆபரேஷன் விவரத்தோடு சொல்ல வேண்டும்.

ரத்தம் தெளிவாகப் பேசிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இனிமேல்தான் தேடல். இங்கே இரண்டு பொறிகள். ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்று வந்தால் நோயே இல்லை என்று வீட்டுக்குப் போய்விடுவது ஒன்று. ஸ்கேனில் ஏதோ ஒன்று தெரிந்ததும் அதுதான் குற்றவாளி என்று பிடித்துக்கொள்வது இன்னொன்று. முதல் பொறியில் விழுந்தவர்கள் ஃபிட்ஸ் மாத்திரையோடும் மனநல மாத்திரையோடும் ஆண்டுக்கணக்கில் அலைகிறார்கள். காலையில் சம்பந்தமில்லாமல் கத்துகிறார், பிறகு ஒன்றும் தெரியாது என்கிறார் என்றால், குணசீலம் கோயிலுக்கோ ஏர்வாடி தர்காவுக்கோ அழைத்துப் போகலாமா என்றுதானே வீட்டில் யோசிப்பார்கள்?

வயிற்றுக்கு மேலே ஜெல் தடவிப் பார்க்கிற சாதாரண அல்ட்ராசவுண்டை இந்த விஷயத்தில் மறந்துவிடுங்கள். குடலில் இருக்கிற காற்று கணையத்தை மறைத்துவிடும். சி.டி. உதவும், ஆனால் எந்த சி.டி.? இந்தக் கட்டிக்கு ரத்த ஓட்டம் அதிகம். கையில் சாய மருந்து ஏற்றி அது தமனிகள் வழியாகக் கணையத்துக்குள் பாய்கிற நேரத்தில், அதாவது அரை நிமிடத்திலிருந்து முக்கால் நிமிடத்துக்குள், கட்டி மட்டும் பளிச்சென்று ஒரு பொட்டு மாதிரி தெரியும். கொஞ்சம் தாமதித்தால் சுற்றியிருக்கிற கணையமும் அதே நிறத்துக்கு வந்து பொட்டு கரைந்துவிடும். வயிற்று வலிக்கும் கல்லுக்கும் எடுக்கிற பொது சி.டி.யில் அந்த நேரக் கணக்கு இருக்காது. படம் எடுக்கிற வெட்டுகளும் தடிமனாக இருக்கும். "போன வருஷமே சி.டி. எடுத்தாச்சு, நார்மல்" என்கிற வாக்கியம் இங்கே செல்லாக்காசு. சீட்டில் கணையத்துக்கான தனி முறை என்றும், இன்சுலினோமா சந்தேகம் என்றும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எதைத் தேடுகிறோம் என்று தெரியாத ரேடியாலஜிஸ்ட்டிடம் கொண்டைக்கடலையைக் கண்டுபிடிக்கச் சொல்வது நியாயமில்லை.

எம்.ஆர்.ஐ. சி.டி.யில் தப்பியதைச் சில சமயம் பிடிக்கும். அதைவிடக் கூர்மையானது எண்டோஸ்கோபி வழியாகச் செய்கிற அல்ட்ராசவுண்டு: வாய் வழியாகக் குழாயை இறக்கி, முன்சிறுகுடலிலிருந்து கணையத் தலையையும் இரைப்பையிலிருந்து உடலையும் வாலையும் ஒட்டி நின்று பார்ப்பது. சில மில்லிமீட்டர் கட்டியைக்கூடப் பார்க்கலாம். பித்தநாளத்துக்கும் கணைய நாளத்துக்கும் அது எவ்வளவு தூரம் என்றும் அளக்கலாம். ஆனால் இதில் கருவியைவிடக் கைதான் முக்கியம். வால் பகுதியில் இது கொஞ்சம் கோட்டை விடும். அந்த டாக்டர் இன்சுலினோமா போன்ற கணைய நரம்பு நாளமில்லாக் (நியூரோஎண்டோக்ரைன்) கட்டிகளை எத்தனை பார்த்திருக்கிறார் என்று கேட்பது மரியாதைக் குறைவல்ல.

இப்போது பெட் ஸ்கேன். பணம் அதிகம் போவதும் குழப்பம் அதிகம் வருவதும் இங்கேதான். புற்றுநோய்க்கு எடுக்கிற வழக்கமான பெட் ஸ்கேனில் சர்க்கரை மாதிரியான ஒரு மருந்தை ஏற்றுவார்கள். சாதுவான இன்சுலினோமா பல சமயம் அதைச் சட்டை செய்வதே இல்லை. கேலியம் டோட்டா ஸ்கேன் என்று இன்னொன்று. மற்ற நரம்பு நாளமில்லாக் கட்டிகளுக்கு அது ராஜா. இன்சுலினோமாவில் அது தேடுகிற ஏற்பி பல நேரம் குறைவாக இருப்பதால் தப்பவிடும். இதைவிடப் பயம், அது காட்டுகிற பொய். கணையத் தலையின் கொக்கி போன்ற பகுதி இயல்பாகவே அதில் ஒளிரும். பத்தில் ஒருவருக்கு மண்ணீரலுக்குப் பக்கத்தில் குட்டி மண்ணீரல் ஒன்று பிறவியிலேயே இருக்கும். சிலருக்கு அது கணைய வாலுக்குள்ளேயே புதைந்திருக்கும். உருண்டையாக, இரண்டு சென்டிமீட்டருக்குள், சி.டி.யில் பளிச்சென்று, டோட்டாவில் ஒளிர்ந்துகொண்டு அச்சு அசல் கட்டி மாதிரியே நிற்கும். அந்த அப்பாவிக் குட்டி மண்ணீரலுக்காக வாலை வெட்டி எறிந்துவிட்டு, தலையில் இருக்கிற உண்மையான கட்டியை விட்டுவைத்தால்? சூடாக்கிய சிவப்பணுக்களைக் கொண்டு எடுக்கிற தனி ஸ்கேன் ஒன்று மண்ணீரல் திசுவை அடையாளம் காட்டிக்கொடுக்கும். சந்தேகம் இருந்தால் கேளுங்கள்.

இன்சுலினோமாவுக்கென்றே பொருந்திய ஸ்கேன் வந்த கதை ஒரு பல்லியில் தொடங்குகிறது. அமெரிக்காவின் தென்மேற்குப் பாலைவனத்தில் வாழ்கிற கீலா மான்ஸ்டர் என்ற விஷப் பல்லியின் எச்சிலில் எக்ஸெண்டின்-4 என்ற பொருளை ஜான் எங் என்ற மருத்துவர் 1992-ல் கண்டறிந்தார். நம் குடல் சுரக்கிற ஜி.எல்.பி-1 ஹார்மோனுக்கு அது ஒன்றுவிட்ட சகோதரன் மாதிரி. சர்க்கரை நோய்க்கு அதிலிருந்து மருந்து வந்தது; பிறகு வந்த எடை குறைக்கிற ஊசிகளின் வம்சத்துக்கு அதுவும் ஒரு மூத்தது. சாதுவான இன்சுலினோமாக்களின் மேல் இதே ஜி.எல்.பி-1 ஏற்பி அடர்த்தியாக முளைத்திருப்பது 2003-ல் தெரிந்தது. 2008-ல் ஸ்விட்சர்லாந்து மருத்துவர்கள், மற்ற சோதனைகளில் சிக்காத கட்டிகளை எக்ஸெண்டினில் கதிரியக்கம் ஏற்றிப் பிடித்துக் காட்டினார்கள். இன்று கேலியம் எக்ஸெண்டின் பெட் ஸ்கேன் பத்தில் ஒன்பதுக்கு மேல் கண்டுபிடிக்கிறது. இந்தியாவிலும் சில பெரிய மையங்களில் எடுக்கிறார்கள். எல்லா ஊரிலும் கிடையாது. இதிலும் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. இந்த மருந்தே இன்சுலினைத் தூண்டும், ஆகையால் ஸ்கேன் மேஜையிலேயே சர்க்கரை விழலாம். குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருக்க வேண்டும். முன்சிறுகுடலில் இருக்கிற சுரப்பிகளும் இதில் ஒளிரும் என்பதால், தலைப் பக்கத்தில் தெரிகிற ஒளியை அனுபவசாலிதான் படிக்க வேண்டும்.

எல்லா ஸ்கேனும் கைவிரித்துவிட்டால், அல்லது ஒன்று தலை என்றும் ஒன்று வால் என்றும் சொன்னால், கடைசி நீதிமன்றம் ஒன்று இருக்கிறது. 1991-ல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் ஜான் டாப்மன் குழுவினர் வெளியிட்ட முறை. இதன் அழகே தனி. இடுப்பு மடிப்பில் துளையிட்டுத் தமனி வழியாக ஒரு மெல்லிய குழாயைக் கணையத்துக்குப் போகிற ஒவ்வொரு கிளைக்குள்ளும் நுழைப்பார்கள். இன்னொரு குழாய் கல்லீரலிலிருந்து ரத்தம் வெளியேறுகிற சிரைக்குள் போய் நிற்கும். ஒரு கிளையில் கால்சியத்தைச் செலுத்திவிட்டு, கல்லீரலில் இருந்து இருபது, நாற்பது, அறுபது விநாடி என்று ரத்தம் எடுப்பார்கள். கால்சியம் பட்டதும் கட்டி இன்சுலினைக் கக்கும். இயல்பான கணையம் பெரும்பாலும் பேசாமல் இருக்கும். எந்தக் கிளையில் செலுத்தும்போது இன்சுலின் இரண்டு மடங்கோ அதற்கு மேலோ எகிறுகிறதோ, அந்தக் கிளை பாய்கிற நிலத்தில்தான் கட்டி.

நம் பாசன ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஒவ்வொரு மதகாக மஞ்சளைக் கரைத்துவிட்டு, கடைமடையில் நின்றுகொண்டு எப்போது தண்ணீர் மஞ்சளாகிறது என்று பார்ப்பதுதான். இரைப்பை-முன்சிறுகுடல் தமனியில் எகிறினால் தலை. மண்ணீரல் தமனியில் எகிறினால் உடலும் வாலும். குறிப்பிட்ட புள்ளியைக் காட்டாது, பகுதியைக் காட்டும். ஸ்கேன் உருவத்தைப் பார்க்கிறது. இது குற்றத்தைச் செய்யும்போதே பிடிக்கிறது. கணையத்தில் மூன்று கட்டிகள் இருந்து ஒன்றுதான் இன்சுலின் சுரக்கிறது என்றால், எது என்று சொல்ல இதைப் போல இன்னொன்று இல்லை. ஆனால் தமனிகளின் அமைப்பு ஆளுக்கு ஆள் மாறும், அதைப் புரிந்துகொள்ளாமல் படித்தால் இதுவும் தப்பாகப் போகும். எல்லோருக்கும் இது தேவையில்லை, சி.டி.யும் எண்டோஸ்கோபி அல்ட்ராசவுண்டும் ஒரே இடத்தைக் காட்டினால் குழாயோடு அலைய வேண்டியதில்லை.

இவ்வளவு பாடு ஏன்? ஏனென்றால் இடம்தான் ஆபரேஷனையே முடிவு செய்கிறது. கட்டி மேலோட்டமாக இருந்து, நடு நாளத்திலிருந்து இரண்டு மூன்று மில்லிமீட்டராவது விலகியிருந்தால், நுங்கை நோண்டி எடுப்பது மாதிரி அதை மட்டும் எடுத்துவிடலாம். கணையம் அப்படியே தப்பும். நாளத்தை ஒட்டி வாலில் இருந்தால் வாலை எடுக்க வேண்டும். தலையில் ஆழமாக இருந்தால் விப்பிளின் பெரிய ஆபரேஷன் வரை போகலாம். மூன்றுக்கும் இடையே மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். எதைச் செய்யப்போகிறோம் என்று தெரியாமல் கையெழுத்து மட்டும் வாங்குகிறார்கள் என்றால், பேனாவைக் கீழே வையுங்கள்.

முன்பெல்லாம் வயிற்றைத் திறந்தும் கட்டி கிடைக்காவிட்டால், "வாலில்தான் இருக்கும்" என்று குருட்டாம்போக்கில் வால் பக்கமிருந்து வெட்டிக்கொண்டு வருவார்கள். உண்மையில் தலை, உடல், வால் மூன்றிலும் கட்டி ஏறத்தாழ சமமாகவே பங்கு போட்டுக்கொண்டிருக்கிறது. ஆக, பாதிக் கணையம் போயிருக்கும், கூடவே மண்ணீரலும் போயிருக்கும், விடியற்காலை உளறல் மட்டும் அப்படியே இருக்கும். இரண்டாம் தடவை திறக்கும்போது உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போய்த் தேடலே போராட்டமாகிவிடும். குருட்டு வெட்டு வேண்டாம் என்பது இன்று கணைய அறுவை மருத்துவர்களிடையே ஏறக்குறைய ஒருமித்த குரல். கிடைக்கவில்லையா, மூடிவிட்டு வெளியே வந்து மறுபடி தேடு.

திறந்த பிறகும் தேட வழி உண்டு: விரலால் தடவிப் பார்ப்பது, கணையத்தின் மேலேயே வைக்கிற அல்ட்ராசவுண்டு. இரண்டும் சேர்ந்தால் பெரும்பாலான கட்டிகள் மாட்டிக்கொள்ளும். "ஆபரேஷன் அறையில் அந்த அல்ட்ராசவுண்டு கருவி இருக்கிறதா?" என்று நேராகக் கேளுங்கள். இதைச் சாக்காக வைத்து, "உள்ளே போய்ப் பார்த்துக்கலாம்" என்று முன்தேடலைத் தட்டிக்கழிக்கிறவர்களிடம் மட்டும் கவனம். அதிலும் லேப்ராஸ்கோபி என்றால் விரலுக்கு வேலையே இல்லை. சின்னத் துளை, சீக்கிரம் டிஸ்சார்ஜ் என்ற விளம்பரத்துக்குப் பின்னால் கட்டியின் இடம் இன்னும் துல்லியமாகத் தெரிந்திருக்க வேண்டிய கட்டாயம் இருக்கிறது.

ஒரு விஷயத்தை வீட்டுப் பெரியவர்களிடம் விசாரியுங்கள். குடும்பத்தில் அடிக்கடி சிறுநீரகக் கல், கழுத்தில் பாராதைராய்டு ஆபரேஷன், தலைக்குள் பிட்யூட்டரி கட்டி யாருக்காவது உண்டா? இன்சுலினோமா வருகிறவர்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்கு மென்-1 என்கிற பரம்பரைக் கோளாறு பின்னணியில் இருக்கும். அவர்களுக்குக் கணையத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கட்டிகள் இருப்பது சகஜம். பெரிதாகத் தெரிவதே குற்றவாளி என்று எடுத்துவிட்டால் சிறியது சிரித்துக்கொண்டு உள்ளே இருக்கும். மென்-1 சந்தேகத்துக்கு ரத்தத்தில் கால்சியம் அளவு பார்ப்பது மலிவான சோதனைதான். அதைக்கூடப் பார்க்காமல் தேதி குறிப்பவர்கள் இருக்கிறார்கள்.

தேடுகிற வாரங்களில் என்ன செய்வது? தனியாகப் படுக்க வேண்டாம். வண்டி ஓட்டவே வேண்டாம். படுக்கைக்குப் பக்கத்தில் குளுக்கோஸ் பவுடர். ராத்திரி நடுவே அலாரம் வைத்து எழுந்து சாப்பாடு. நினைவு தப்பியவர் வாயில் சர்க்கரைத் தண்ணீரை ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குப் போய்விடும், 108-ஐ அழையுங்கள். டயசாக்சைடு மாத்திரை பலருக்குச் சர்க்கரையைத் தாங்கிப் பிடிக்கும், காலில் நீர் கோக்கும். ஆக்ட்ரியோடைடு ஊசி சிலருக்குச் சர்க்கரையை இன்னும் கீழே தள்ளிவிடும். முதல் ஊசியை ஆஸ்பத்திரியில் வைத்துப் போட்டுப் பார்ப்பதே நல்லது. இன்னொரு டாக்டரிடம் காட்டப் போனால் ரிப்போர்ட் தாளோடு போகாதீர்கள், ஸ்கேன் படங்கள் பதிந்த குறுந்தட்டையே எடுத்துப் போங்கள். முதல் கண்ணுக்குத் தப்பிய பொட்டு இரண்டாம் கண்ணுக்குத் தெரியும்.

கடைசியாக ஒன்று, இதை வார்டில் சத்தமாகச் சொல்லிவிடுங்கள். எண்டோஸ்கோபிக்கு முன்னால், கால்சியம் சோதனைக்கு முன்னால், ஆபரேஷனுக்கு முன்னால் எல்லாம் வழக்கமாக ஒரு உத்தரவு வரும்: "ராத்திரி பத்து மணிக்கு மேல ஒண்ணும் சாப்பிடக் கூடாது." மற்ற நோயாளிக்கு அது வெறும் பசி. இவருக்கு அதுவே நோய். காலையில் முதல் கேஸ் என்று சொல்லியிருப்பார்கள். அவசரக் கேஸ் ஒன்று குறுக்கே வந்து மதியம் ஒரு மணிக்குத் தள்ளிப்போகும். பட்டினி போட்டால் குளுக்கோஸ் டிரிப் ஓட வேண்டும், மணிக்கு மணி சர்க்கரை பார்க்க வேண்டும் என்று கேஸ் ஷீட்டில் எழுதியிருக்கிறதா என்று ராத்திரியே பாருங்கள். டிரிப்பில் சொட்டு விழுகிறதா என்று துணைக்கு இருப்பவர் தூங்காமல் பார்த்துக்கொண்டிருக்கட்டும். நோயாளி நெற்றியில் வியர்வை துளிர்த்து, உங்களை வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்டால், டூட்டி நர்ஸை எழுப்பத் தயங்காதீர்கள்.